ஐபோனுக்கு மாறினா மூணு நாளைக்கு யூபிஐ-ல 5,000 ரூபாதான் அனுப்பலாம்! வாங்கப் போறதுக்கு முன்னாடி இதையக் கேட்டுட்டுப் போங்க

வணக்கமுங்க எல்லாத்துக்கும். இன்னைக்குப் பவர் பேங்க் ஒப்பீடு போடறதாத்தான் இருந்துச்சு. அது அடுத்த வாரத்துக்குப் போயிருச்சுங்க. போன எக்ஸ்சேஞ்ச் வீடியோவுக்குக் கீழ வந்து குமிஞ்ச கேள்வியப் பாத்த பொறகு இதையப் பேசாம வேற பேச மனசு வரல. எல்லாம் ஒரே கேள்விங்க. "ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு மாறிட்டேன், 5,000 ரூபாய்க்கு மேல ஜிபே போகமாட்டேங்குது, போன் கோளாறா பேங்க் கோளாறா?"

ரெண்டும் இல்லீங்க. விதியே அப்படித்தான். கடுப்பு என்னன்னா, கேமரா இத்தனை மெகாபிக்சல், இந்தக் கார்டு போட்டா இத்தனை தள்ளுபடின்னு அரை மணி நேரம் பேசி விக்கறவங்க, இந்த ஒரு சங்கதிய மட்டும் சொல்றதே இல்ல. ஏவாரம் பண்றவங்களுக்கு இதுதானுங்க மொதல்ல தெரியோணும்.

வெவரமாச் சொல்றனுங்க. யூபிஐ ஆப்பை புதுப் போன்ல பதிஞ்சா, உங்க சிம்முல இருந்து பேங்குக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். இந்த நம்பர் இந்தப் போன்லதான் இருக்குதுன்னு முடிச்சுப் போடறது அதுதான். ஆண்ட்ராய்டுல அந்த எஸ்எம்எஸ்ஸ ஆப்பே அனுப்பிக்கும். ஐபோன்ல எந்த ஆப்பும் தானா எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது, ஆப்பிள் விடாது. அதனால மெசேஜ் பொட்டி தொறக்கும், உள்ள ஏதோ புரியாத எழுத்தா இருக்கும், நீங்கதான் அனுப்புற பட்டனை அமுத்தோணும். அந்த எழுத்துல ஒன்னையும் அழிக்காதீங்க, ஒரு புள்ளிகூட சேக்காதீங்க. மாத்தினா பதிவு நிக்காது.

இது முடிஞ்ச பொறகு பணம் போறதுக்கு வரம்பு இருக்குது. ஆண்ட்ராய்டு போன்னா மொத 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபா. ஐபோன்னா 72 மணி நேரத்துக்கு அதே 5,000. ஒரு தடவைக்கு இல்லீங்க, எல்லாம் சேத்துத்தான். அது முடிஞ்சாத்தான் பழையபடி ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரைக்கும் போகும். யாராவது உங்க நம்பரைத் திருடி வேற போன்ல ஏத்திட்டா மொத்தப் பணத்தையும் தொடைச்சுட்டுப் போயிறக் கூடாதுன்னு வெச்ச தடுப்பு. தடுப்பு நல்லதுதானுங்க, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. முன்கூட்டியே தெரியாததுதான் கேடு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஈரோட்டுல ஜவுளி எடுக்கறவர் ஒருத்தர் சனிக்கெழம சாயங்காலம் 6 மணிக்கு ஐபோன் வாங்கிப் பதியறாருன்னு வெச்சுக்கலாம். 72 மணி நேரம் முடியறது செவ்வாய்க்கெழம சாயங்காலம் 6 மணிக்கு. கனி மார்க்கெட் சந்தை திங்கக்கெழம ராத்திரியே களை கட்டிரும், செவ்வாயோட முடிஞ்சிரும். சரக்கு எடுக்கற நேரம் முச்சூடும் அவரு கையில 5,000 ரூபாதான். அதே ஆள் புதன்கெழம வாங்கியிருந்தா சனிக்கெழமைக்குள்ள எல்லாம் சரியாயிருக்கும். திருப்பூர்ல சனிக்கெழம கூலி போடறவங்க இருக்கீங்க, நீங்க ஞாயித்துக்கெழம மாத்துங்க. தள்ளுபடி இன்னைக்கோட முடியுதுன்னு அவசரப்பட்டா போனை வாங்கி வெச்சுக்கங்க, பதியறதைய சந்தை நாளு, கூலி நாளு தாண்டற வரைக்கும் தள்ளிப் போடுங்க. மணிக்கணக்கு ஆரம்பிக்கறது பதிஞ்ச நேரத்துல இருந்துதான், பில் போட்ட நேரத்துல இருந்து இல்ல.

அட, இதுக்கு முந்தின சங்கதி ஒன்னைய விட்டுட்டனுங்க. சிம்மு. நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு ரெண்டு சிம் வெச்சிருக்கறோம். இங்க விக்கற ஐபோன்ல பிளாஸ்டிக் சிம் ஒன்னுதான் போடலாம், இன்னொன்னு இ-சிம்மாத்தான் இருக்கோணும், அதாவது கையில தொடற சிம் இல்லாம போனுக்குள்ளயே ஏத்தற சிம்மு. ஐபோன் ஏர்னு ஒன்னு வந்துச்சே, அதுல பிளாஸ்டிக் சிம்முக்கு எடமே இல்ல. அப்ப ஒரு நம்பரையாவது இ-சிம்மா மாத்தியாகோணும். மாத்தினதும் அந்த நம்பர்ல 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. இதுவும் சிம் திருட்டுக்கு வெச்ச தடுப்புதான். இப்ப பாருங்க, பேங்குல குடுத்த நம்பரைய நீங்க இ-சிம்மா மாத்திட்டீங்கன்னா, யூபிஐ பதியற எஸ்எம்எஸ்ஸே 24 மணி நேரம் போகாது. அது முடிஞ்சு பதிஞ்சா அங்கிருந்து 72. ஒட்டுக்கா 96 மணி நேரம். நாலு நாளுங்க!

இதுக்கு வழி சுலபம். பேங்க் நம்பர் எதுவோ, அது பிளாஸ்டிக் சிம்மாவே இருக்கட்டும். பழைய போன்ல இருந்து கழட்டி புதுசுல போட்டாப் போதும், எஸ்எம்எஸ் நிக்காது. பேங்கோட சம்பந்தமில்லாத நம்பரை இ-சிம்முக்குத் தாட்டிவிடுங்க. ரெண்டு நம்பருக்கும் ஒவ்வொரு பேங்க் இருந்துச்சுன்னா ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. ஒரு சிம் மூணு நாளைக்குப் பழைய போன்லயே கெடக்கட்டும், அதுல பணம் போட்டுக்கலாம்.

சரி, வாட்ஸாப். இங்கதான் பாதிப்பேரு சாட்டை எழக்கறாங்க. ஆண்ட்ராய்டுல வாட்ஸாப் பேக்கப் கூகுள் டிரைவ்ல போய் உக்காரும். ஐபோன் படிக்கறது ஐகிளவுட்ல இருக்கறதைய மட்டும். ஒன்னு இன்னொன்னைத் தொடவே தொடாது. "பேக்கப் எடுத்துட்டேனே"ன்னு தைரியமாப் பழைய போனை அழிச்சுட்டு, புதுசுல பாத்தா வெறும் பொட்டி. 2022-ல இருந்து சரியான வழி இருக்குது. ஆப்பிளோட "மூவ் டு ஐஓஎஸ்" ஆப். பிளே ஸ்டோர்ல சும்மாவே கெடைக்குது, எறக்கிக்கங்க.

ஆனா ஒரு நிபந்தனை. ஐபோன் புத்தம் புதுசாவோ, முழுசா அழிச்சதாவோ இருக்கோணும். கடையிலயே ஆசைப்பட்டு ஆன் பண்ணி, செட்டிங் எல்லாம் முடிச்சு, வால்பேப்பர் மாத்தி, செல்ஃபி எடுத்துட்டு வீட்டுக்கு வந்தீங்கன்னா மறுபடி அழிக்கோணும். செட்டிங்ஸ், ஜெனரல், அதுல கடைசில "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்", அதுக்குள்ள எல்லாத்தையும் அழிக்கறது இருக்கும்.

மாத்தறதுக்கு முன்னாடி ஆண்ட்ராய்டு வாட்ஸாப்ல ஸ்டோரேஜுக்குப் போய் குட்மார்னிங் வீடியோவை எல்லாம் வழிச்சுத் தள்ளுங்க. அம்மா, சித்தப்பா போனெல்லாம் அதுலயே பாதி நெறஞ்சிருக்கும், மாத்தற நேரமும் அதுலதான் போகுது. ரெண்டு போனையும் சார்ஜர்ல போடுங்க, ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கட்டும். ஐபோனைத் தொறந்து வரும்போது "டிரான்ஸ்ஃபர் யுவர் ஆப்ஸ் அண்ட் டேட்டா"ன்னு ஒரு பக்கம் வரும், அதுல "ஃப்ரம் ஆண்ட்ராய்டு". ஒரு கோட் காட்டும். அதைய ஆண்ட்ராய்டுல மூவ் டு ஐஓஎஸ் ஆப்புல போட்டதும் எதெதை மாத்தறதுன்னு பட்டியல் வரும், அதுல வாட்ஸாப்பைத் தொட்டு ஸ்டார்ட் குடுங்க. சித்த நேரம் தயார் பண்ணும், முடிஞ்சதும் பழைய போன்ல வாட்ஸாப் தானா லாக் அவுட் ஆயிரும். அதையப் பாத்துப் பயப்படாதீங்க. அப்படித்தான் ஆகோணும். அப்பறம் மிச்சத்தையும் தேர்ந்தெடுத்து மாத்திட்டு, ஐபோன்ல ஆப் ஸ்டோர்ல இருந்து வாட்ஸாப் எறக்கி, அதே நம்பரைப் போட்டு, கேக்கும்போது ஸ்டார்ட். அவ்வளவுதான்.

நடுவுல அத்துப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்னுதான். மாத்தற நேரத்துக்கு ஐபோன் தானா ஒரு வைஃபை உண்டாக்கும். அதுல இன்டர்நெட் இருக்காது. இன்டர்நெட் இல்லாத வைஃபையப் பாத்ததும் ஆண்ட்ராய்டு அதைய உதறிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அந்த நிமிசமே முறிஞ்சிரும். அதனால மொபைல் டேட்டாவை அணைச்சுருங்க. நெட்வொர்க் தானா மாறற வசதி உங்க போன்ல இருந்தா அதையும் அணைங்க. அப்பறம் நடுவுல போன் கால் வந்தாலும் போச்சு. மூவ் டு ஐஓஎஸ் ஆப் திரையிலயே இருக்கோணும், வேற ஆப்புக்குப் போயிறக் கூடாது. ஆண்ட்ராய்டு "முடிஞ்சது"ன்னு சொல்லும், நம்பாதீங்க. ஐபோன்ல எவ்வளவு ஏறிருக்குதுன்னு காட்டற கோடு முழுசா ஓடி முடியற வரைக்கும் ரெண்டையும் தொடாதீங்க.

மாத்தி முடிச்ச பொறகும் ஆண்ட்ராய்டுல சாட் அப்படியேதான் இருக்கும், நீங்களா அழிச்சாத்தான் போகும். இது ரொம்ப நல்ல ஏற்பாடுங்க. எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறவங்க, புதுப் போன்ல பழைய சாட், போட்டோ, வாய்ஸ் நோட் எல்லாம் தொறக்குதான்னு பாத்த பொறகுதான் பழசைக் கையில இருந்து விடோணும். கவுன்டர்லயே "குடுங்க, ரீசெட் பண்ணிக்கறோம்"னு கேட்டா, நாளைக்குக் கொண்டு வர்றேன்னு சொல்லுங்க, ஒத்துக்கலன்னா அங்கயே உக்காந்து மாத்தி முடிச்சுட்டுக் குடுங்க. குடுக்கும்போது கூகுள் அக்கவுன்டை மொதல்ல எடுத்துட்டு அப்பறம் ரீசெட். இல்லாட்டி அடுத்தவரு தொறக்கும்போது உங்க ஜிமெயிலக் கேட்டு நிக்கும்.

இப்ப எதுக்கு மாறறாங்கங்கறதுக்கு வருவோம். ஐபோனோட மெசேஜ் ஆப்புல இன்னொரு ஐபோன்காரருக்குப் போற மெசேஜ் நீலக் குமிழியிலயும், ஆண்ட்ராய்டுக்காரருக்குப் போறது பச்சைக் குமிழியிலயும் காட்டும். அமெரிக்காவுல அந்தக் குமிழி நீலமா பச்சையாங்கறதே பெரிய சண்டை. 2024 மார்ச்சுல அந்த ஊர் அரசாங்கம் ஆப்பிள் மேல போட்ட வழக்குலயே அது வருது. நமக்கு அந்தக் கயிறே இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து கரூர் வரைக்கும் எல்லாமே வாட்ஸாப். பையன் ஐபோன், அப்பா ரெட்மி, ஒரே குரூப்பு. நம்மளைய ஒரு பக்கம் கட்டி வெக்கறது பேக்கப்பு, யூபிஐ, ரெண்டு சிம்மு, கால் ரெக்கார்டிங்கு, இந்த நாலும்தான். ரெண்டு கம்பெனியும் உள்ள வர்ற வாசல்ல கோலம் போட்டு வெக்கறாங்க, வெளிய போறதுக்குப் பொடக்காலிச் சந்துதான். ஆப்பிள் 2015-லயே ஆண்ட்ராய்டுக்குன்னு இந்த மூவ் டு ஐஓஎஸ் ஆப்பை எழுதினதே, அங்கிருந்து ஆளைக் கொண்டு வர்றதுக்குத்தான்.

அப்டேட்டுக்காக ஐபோனுக்குப் போறேன்னு இன்னும் சொல்றீங்க. அந்தக் காரணம் பழசாயிருச்சுங்க. 2023-ல பிக்சல் 8-ல கூகுள் ஏழு வருசம்னு சொல்லிருச்சு, 2024 சனவரியில எஸ்24-ல சாம்சங்கும் சொல்லிருச்சு. 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்ஆர், ஐஓஎஸ் 18-ஓட நின்னு போச்சு. அதுவும் கிட்டத்தட்ட ஏழு வருசம்தான். ஆனா பதினஞ்சாயிரம் ரூபா ஆண்ட்ராய்டுல இதைய எதிர்பாக்காதீங்க, வாங்கும்போது எத்தனை வருசம்னு கேட்டு வாங்குங்க.

ஒரு தளம் பொழைக்கறதும் சாகறதும் அதுல ஓடற ஆப்பைப் பொறுத்துத்தான். விண்டோஸ் போன் எனக்கு ரொம்பப் புடிச்சது, அந்த ஓட்டம் சின்ன லூமியாவுலகூட வழுக்கிட்டுப் போகும். 2019 டிசம்பர் 31-ஓட வாட்ஸாப் அதுல நின்னுச்சு, அத்தோட நம்ம ஊர்ல அதையத் தொட ஆளில்ல.

ஐபோன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்கு வர்றவங்களுக்கும் சொல்லிர்றேன், இது சுருக்கம்தான். கேபிள் வேணுமுங்க. ஐபோன் 14 வரைக்கும் லைட்னிங்ல இருந்து டைப்-சி, 15-ல இருந்து ரெண்டு பக்கமும் டைப்-சி. புது ஆண்ட்ராய்டைத் தொறந்து வரும்போதே கேபிளைச் சொருகி, கேக்கும்போது ஐபோன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணினா வாட்ஸாப் போயிரும். சிம்மைக் கழட்டறதுக்கு முன்னாடி ஐபோன்ல ஐமெசேஜையும் (ஐபோனுக்கு ஐபோன் போற அந்த நீல மெசேஜ்) ஃபேஸ்டைமையும் (ஆப்பிளோட வீடியோ கால்) அணைங்க. இல்லாட்டி ஐபோன் வெச்சிருக்கற ஒறம்பரை உங்களுக்குப் போடற மெசேஜ் பழைய போனையே தேடிட்டு இருக்கும். விக்கறதுக்கு முன்னாடி, தொலைஞ்ச போனைத் தேடற "ஃபைன்ட் மை" வசதிய அணைச்சாகோணும்.

கால் ரெக்கார்டிங்குக்காகவே திரும்பி வர்றவங்க நெறைய. ஐஓஎஸ் 18.1-ல ஆப்பிள் அதையக் குடுத்துச்சு, ஆனா ரெக்கார்டு ஆகுதுன்னு ரெண்டு பக்கமும் சத்தமாச் சொல்லும். கூகுள் டயலர், அதாவது கூகுளோட கால் பண்ற ஆப், இருக்கற ஆண்ட்ராய்டும் அப்படித்தான் சொல்லும். வாய்மொழியில ஆர்டர் எடுக்கறவங்க எந்த டயலர்னு கடையிலயே ஒரு கால் போட்டுப் பாத்துட்டு வாங்குங்க.

காசு சங்கதி விட்டுப் போச்சு பாருங்க! பிளே ஸ்டோர்ல காசு குடுத்து வாங்கின ஆப் ஐபோன்ல வராது, மறுபடி வாங்கோணும். மாசாமாசம் கட்டற சந்தாவை பிளே ஸ்டோர்ல போய் நிறுத்துங்க, போனை மாத்தினா அது தானா நிக்காது. யூடியூப் பிரீமியத்தை ஐபோன் ஆப்புக்குள்ள எடுத்தா வெலை கூட, பிரவுசர்ல யூடியூபைத் தொறந்து எடுங்க. ஐகிளவுட் சும்மாக் குடுக்கறது 5 ஜிபி, கூகுள் 15. போட்டோ நெறைய இருந்தா 5 ஜிபி ஒரு கல்யாணத்துக்கே காணாது. 50 ஜிபிக்கு மாசம் 75 ரூபா, இதையும் போன் வெலையில சேத்துக் கணக்குப் போடுங்க.

தமிழ்ல அடிக்கறவங்களுக்கு ஒன்னு. ஐபோன்ல அஞ்சல், தமிழ்99ங்கற தமிழ்க் கீபோர்டு ரெண்டும் 2013-ல ஐஓஎஸ் 7 வந்ததுல இருந்தே உள்ளயே இருக்குது. தனி ஆப் எதுவும் வேண்டாம், செட்டிங்ஸ்ல கீபோர்டுல சேத்துக்கங்க.

இ-சிம் மாத்தறதுல எங்கயாவது சிக்கினா எந்த கம்பெனி சிம்மு, எந்த மாடல் போனு, ரெண்டையும் சேத்து எழுதுங்க, அப்பத்தான் பதில் சொல்ல முடியும். பவர் பேங்க் அடுத்த வாரம் வந்துருமுங்க. வரட்டுங்களா.