படை போன கடல், படகு வந்த கடல்

நடுவர் அவர்களே, வணக்கம். அண்டை நாட்டில் மக்கள் மடியும்போது நாம் செய்ய வேண்டியது படை அனுப்புவதா, அடைக்கலம் கொடுப்பதா? அடைக்கலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 1971-ஐ எடுத்து வைத்தார். கிழக்கு வங்கத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள், நம் படை போனது, 13 நாளில் போர் முடிந்தது, வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள் என்றார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்தலில் வென்ற தலைமை இருந்தது, களத்தில் முக்தி வாஹினி என்ற வங்க விடுதலைப் படை இருந்தது, 1972 மார்ச்சிலேயே நம் படை திரும்பியும் விட்டது. இத்தனையும் கூடிவருவது எத்தனை முறை நடக்கும்? நம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் நடந்ததை ஏன் அவர் தொடவே இல்லை?

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டன. மறுநாளே நம் அமைதிப்படை போய் இறங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. அக்டோபர் 21, தீபாவளி. அன்றுதான் படையினர் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். உயிர் தப்பியவர்கள் இரவெல்லாம் பிணங்களோடு பிணமாகப் படுத்துக் கிடந்தார்கள். காலையில் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் கைகளை உயர்த்திக்கொண்டு, செவிலியரோடு வெளியே வந்தார். அவரையும் சுட்டார்கள். அந்த இரண்டு நாளில் 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நம் பக்கமும் பாருங்கள். 1990 மார்ச்சில் படை கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 ஜவான்கள் உயிரோடு இல்லை. யாரோ பெற்ற பிள்ளைகள்தானே அவர்களும்? அதே ஆண்டு ஜூனில் போர் மறுபடி மூண்டது. ஒப்பந்தத்தை நம்பி ஊர் திரும்பியிருந்தவர்களும் மறுபடி ஓடி வந்தார்கள். புதிதாக ஓடி வந்தவர்களையும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த அலையில் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

"ஓடி வர முடிந்தவனுக்குத்தான் உன் அடைக்கலம், முள்ளிவாய்க்காலில் அகப்பட்டவனுக்கு என்ன?" என்று கேட்டார் நண்பர். கனமான கேள்வி. இறுதிப் போரில் அங்கே மக்கள் மடிந்த 2009-ஐ நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் படை யாருக்காகப் போகிறது என்று பாருங்கள். 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் இருந்தது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகள் இருந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். அதில் தமிழர் தரப்பின் கையெழுத்து இல்லை. அகப்பட்டவனைக் காக்கப் போகிறோம் என்று கிளம்பும் படையோடு இதெல்லாம் சேர்ந்தேதான் கப்பலேறுகிறது.

சரி, அடைக்கலத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. 1983 முதல் மண்டபம் அகதி முகாமுக்கு மக்கள் வருகிறார்கள். ஒரே அறைக்குள் ஒரு குடும்பம், தண்ணீருக்கு வரிசை, அதிகாரிகள் ஆட்களைச் சரிபார்க்கும் 'செக்கிங்' நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பட்டமும் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இவர்களுக்கு இடமில்லை. இது நமக்கு வெட்கம், நடுவர் அவர்களே. ஆனால் இந்த வெட்கத்தை நாளைக்கே துடைக்கலாம். ஒரு சட்டத் திருத்தம் போதும். பெரியாஸ்பத்திரியில் செத்தவர்களுக்கு எந்த அரசாணையைப் போடுவது?

2022 மார்ச்சில், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் திண்டாட்டம் வந்த நேரம், தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் படகுக்காரர் ஆறு பேரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். கைக்குழந்தையும் இருந்தது. சுற்றிலும் கடல். கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் போய்த்தான் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. அதில் போனவர்களும் சீருடைக்காரர்கள்தான். அவர்களை அனுப்புங்கள் என்றுதான் எங்கள் அணி கேட்கிறது.