அலையாத்திக் கம்பு சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். லாமு, மொம்பாசா, சான்சிபார், கில்வா... கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுக இருக்கும் இந்தப் பழைய துறைமுகங்கள் சுவாஹிலி மக்களின் ஊர்கள். அரேபியர்கள் வந்து கட்டிக்கொடுத்த ஊர்கள் என்று வெகுகாலம் எழுதிவைத்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

அந்த ஊர்ப் பழைய வீடுகளையே பாருங்கள். சுவர் பவளப்பாறைக் கல். கடலுக்கடியிலிருந்து எடுக்கும்போது கத்தியால் செதுக்குகிற அளவுக்கு மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். பூசுகிற சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். கூரைக்கு அலையாத்தி மரக் கம்பு. பிச்சாவரத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த வகை மரம். கம்பின் நீளத்துக்கு மேல் அறையை அகலப்படுத்த முடியாது. அதனால் அறைகள் நீளமாக, ஆனால் ஒடுக்கமாக, ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று கேளுங்கள்: மரமில்லாத அரபு வளைகுடா ஊர்களுக்கும் இதே கம்புதான் கப்பல் ஏறிப் போனது. அங்கேயும் அறைகள் ஒடுக்கம்! யார் யாருக்குக் கட்டிக்கொடுத்தது, சொல்லுங்கள்.

சரி, வணிகர்கள் வந்தார்கள், அதை மறுக்கவில்லை. டிசம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்று அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். திரும்பிப் போக ஏப்ரலில் தெற்கிலிருந்து காற்று கிளம்ப வேண்டும். அதுவரை உள்ளூர்க்காரர் வீட்டில்தான் தங்கல். துணி, பாசிமணி, பீங்கான் இறங்கும். தந்தம் ஏறும், தெற்கே சொஃபாலாவிலிருந்து வந்த தங்கம் ஏறும். அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. காத்திருந்த மாதங்களில் திருமணங்கள் நடந்தன, இஸ்லாம் வேரூன்றியது. 1331இல் கில்வாவுக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா அழகான ஊர் என்று புகழ்ந்து எழுதினார். 1505இல் போர்ச்சுகீசியர் அதைச் சூறையாடினார்கள்.

சுவாஹிலி மொழியைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக: அரபுச் சொற்கள் ஏராளம், ஆனால் இலக்கணம் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளுடையது. யார், எப்போது என்பதைத் தமிழில் வினைக்குப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். 1728இல் அரபு எழுத்தில் எழுதிய சுவாஹிலிக் காப்பியச் சுவடி ஒன்று இன்றும் இருக்கிறது. ஜூலை 7ஐ சுவாஹிலி மொழி நாளாக யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது. நன்றி, வணக்கம்.