கரிப் புகையடுப்பில் சூட்டை நிலையாக வைத்திருப்பது

நேயர்களுக்கு வணக்கம். கரி போட்டு, மூடி போட்டு, மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் இறைச்சியை வேகவைக்கும் ஸ்மோக்கரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றை வாங்கியவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். 'சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் முள் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?'

முள் ஓரிடத்தில் நிற்காது. நிற்க வேண்டிய தேவையும் இல்லை. புத்தகங்களில் 107 டிகிரி என்று போட்டிருப்பார்கள். ஃபாரன்ஹீட் கணக்கில் அது 225. அமெரிக்காவில் வசதிக்காகப் பிடித்துக்கொண்ட எண் அது, அவ்வளவுதான். 105-க்கும் 125-க்கும் நடுவில் முள் மெதுவாக ஏறி இறங்கினால் இறைச்சிக்கு ஒரு குறையும் வராது. நிலையான சூடு என்று நான் சொல்வது இந்த ஊசலாட்டத்தையும் சேர்த்துத்தான்.

சரி, சூட்டை எது தீர்மானிக்கிறது? கரி என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். கூடை நிறையக் கரி கொட்டினால் அடுப்பு கொதித்துவிடும் என்று பயந்து, கொஞ்சமாகப் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து கரி சேர்க்கிறார்கள். கரி எவ்வளவு இருந்தாலும், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற அளவுதான் எரியும். கரியின் அளவு எத்தனை மணி நேரம் எரியும் என்பதைச் சொல்லும். எவ்வளவு சூடு என்பதைக் காற்றுதான் சொல்லும். இதை இன்னும் இரண்டு தரம் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கூடையை நிரப்புங்கள். பற்றவைக்காத கரியால் நிரப்பி, தனியாகப் பற்றவைத்த பத்துப் பதினைந்து கங்குகளை மட்டும் அதன் மேல் போடுங்கள். தீ ஒவ்வொரு கரியாகப் பற்றிக்கொண்டு மெல்லப் பரவும். சமையல் போட்டிகளில் கலந்துகொண்ட ஜிம் மினியன் என்ற அமெரிக்கரின் பெயரால் இதை மினியன் முறை என்கிறார்கள். மொத்தக் கரியையும் ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டுப் பிறகு அடக்கப் பார்ப்பது வீண் பாடு. ஏறிய சூட்டை இறக்குவது, ஏறும் சூட்டைப் பிடித்து நிறுத்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

பிடித்து நிறுத்துவது எப்படி? மேல் துளை புகை வெளியேறும் வழி. அதை நன்றாகத் திறந்தே வையுங்கள். அதை அடைத்தால் புகை உள்ளே தேங்கி இறைச்சி கசந்துவிடும். கட்டுப்பாடு எல்லாம் காற்று உள்ளே வரும் கீழ்த் துளையில்தான். தொடக்கத்தில் முழுதாகத் திறந்திருக்கட்டும். முள் 95-ஐத் தொடும்போதே பாதி மூடுங்கள். 105 வந்ததும் விரல் நுழையும் அளவுக்கு விடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். வெந்நீர்க் குழாயைத் திருகியதும் கைக்குச் சூடு வராது, சற்று நேரம் கழித்துத்தான் வரும், இல்லையா? இங்கே அந்தச் சற்று நேரம் பதினைந்து, இருபது நிமிடம். அதற்குள் இன்னொரு தரம் திருகினால் இரண்டு மாற்றமும் சேர்ந்து வந்து நிற்கும்.

என் நண்பர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அடுப்புக்குள் இருக்கும் சூட்டைக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவி ஒன்று வாங்கினார். 107-க்கு இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டார். மணி அடிக்கும், எழுந்து ஓடுவார், துளையைத் திருகுவார். உட்காருவதற்குள் மறுபடி மணி. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் ஓடுவதைத்தான் வேடிக்கை பார்த்தோம். நள்ளிரவுக்குமேல் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோக, மனிதர் அசந்து தூங்கிவிட்டார். கருவி மட்டும் தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. காலையில் அந்த வரைகோட்டை எனக்குக் காட்டினார். நள்ளிரவு வரை ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கம். அவர் தூங்கிய நேரத்தில் மட்டும் கோடு கிட்டத்தட்ட நேராகப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரோ கருவியில்தான் கோளாறு என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மூடியைத் திறப்பதும் இதே சங்கதிதான். திறந்ததும் சூடு வெளியே போகிறது, முள் சரிகிறது. சரிகிறதே என்று கீழ்த் துளையை அகலத் திறக்கிறோம். ஆனால் மூடி திறந்த அந்த நிமிடத்தில் காற்று உள்ளே பாய்ந்து கங்குகள் ஏற்கெனவே கனன்றுவிட்டன. மூடியபின் முள் 140-ஐத் தாண்டி ஓடும். சூட்டைத் தீர்மானிப்பது காற்று என்றேனே, மூடியும் ஒரு காற்று வழிதான். திறந்தீர்களா, மூடுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். தானே பழைய இடத்துக்கு வரும்.

முள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அந்த முள்ளையும் சந்தேகப்படுங்கள். மூடியில் பதித்து வரும் தெர்மாமீட்டர் மூடிக்கு அடியில் உள்ள சூட்டைத்தான் காட்டும். இறைச்சி கிடக்கும் கம்பி மட்டத்தில் நிலைமை வேறு. பத்து இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணம். கழற்ற முடிந்தால் கொதிக்கும் நீரில் நுனியை முக்கிப் பாருங்கள், கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். சூடு அளக்கும் தனி முனை ஒன்று வாங்கிக் கம்பிமேல் வைப்பது இன்னும் நல்லது. குளிர்ந்த இறைச்சியை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

இன்னொரு குழப்பம். பெரிய துண்டாக இருந்தால், இறைச்சியின் உட்சூடு 65, 70 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிடும். தீ அணைகிறது என்று பதறிக் காற்றைக் கூட்டுவார்கள். தீயில் ஒரு குறையும் இல்லை. இறைச்சியின் மேல்பரப்பில் ஈரம் ஆவியாகி, உள்ளே வரும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கிரெக் ப்ளாண்டர் என்ற இயற்பியலாளர் ஈரப் பஞ்சையும் கொழுப்புக் கட்டியையும் வைத்துப் பார்த்தார். பஞ்சு தயங்கி நின்றது; கொழுப்பு நிற்காமல் ஏறிப்போனது. அடுப்பின் சூட்டைச் சொல்வது காற்றுதான்; முள் தன் இடத்தில் இருக்கும்வரை காற்றைத் தொடாதீர்கள். இதுதான் மூன்றாவது தரம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். காற்றடிக்கும் நாளைப் பற்றியும் அடுப்புக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: காற்று வீசும் பக்கத்துத் துளையைக் குறைத்து, மறைப்பு ஒன்று வையுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்குமேல் ஏறாது என்பதால், தட்டில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு சட்டென்று எகிறாது. பல மணி நேரத்துக்குப் பிறகு காரணமில்லாமல் சூடு இறங்கினால், சாம்பல் கீழ்த் துளையை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மூடினால் தீ தானே அடங்கும், மிஞ்சிய கரி அடுத்த தரத்துக்கு ஆகும். மிக முக்கியமானது, கடைசியில் வந்து மாட்டிக்கொண்டது: மழை பெய்தாலும் இந்த அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். வணக்கம்.