கால் தேய்ந்த பிறகும் கண் தேயவில்லை

நடுவர் அய்யாவுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும், அரங்கம் நிறைந்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'கால்பந்தில் ஒரு தடுப்பாட்டக்காரரை உயர்த்துவது உடல் வலிமையா, ஆட்டத்தைப் படிக்கும் அறிவா?' நான் அறிவின் பக்கம் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அயர்லாந்தின் பால் மெக்ராத்தைச் சொன்னார். "ஆறடி உயரம், கருங்கல் மாதிரி உடம்பு, அவர்மேல் மோதினால் மோதியவன்தான் விழுவான். இந்த உடம்பு இல்லாமல் அந்தப் புகழ் ஏது?" என்று கேட்டார். அண்ணே, நானும் அவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். உங்களைப் போலவே எனக்கும் அவர்மேல் தீராத பிரியம். ஆனால் நீங்கள் அவருடைய கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

1989-ஆம் வருடம். மெக்ராத்துக்கு வயது 29. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் ஏழு வருடம் ஆடி முடித்திருந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சை அங்கே சேர்ந்த புதிதிலேயே தொடங்கிவிட்டது. ஆட்டத்தை விடுவதற்குள் மொத்தம் எட்டு முறை கத்தி வைத்தார்கள். அலெக்ஸ் பெர்குசன் மேலாளராக இருந்த காலம். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இனி ஆட முடியாது, ஒரு லட்சம் பவுண்டு தருகிறோம், ஓய்வு பெற்றுக்கொள்ளுங்கள் என்று கிளப் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. அவர் வாங்கவில்லை. இன்னொரு இங்கிலாந்து கிளப்பான ஆஸ்டன் வில்லாவின் மேலாளர் கிரஹாம் டெய்லர் சுமார் நாலு லட்சம் பவுண்டு கொடுத்து அவரை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் சொல்கிறபடி உடம்புதான் முதல் என்றால், அந்த முதல் 1989-லேயே கரைந்துபோய்விட்டது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். வில்லாவில் ஏழு சீசன், 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். வந்த முதல் சீசனிலேயே அணி லீக்கில் இரண்டாம் இடம். பிரீமியர் லீக் என்ற பெயரில் நடந்த முதல் சீசனான 1992-93-இல் மறுபடியும் இரண்டாம் இடம். 1994-இல் லீக் கோப்பை, அதுவும் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டையே 3-1 என்று வென்று. 1996-இல் லீட்ஸை வென்று அதே கோப்பை மறுபடியும். அப்போது மெக்ராத்துக்கு 36 வயது. வில்லா ரசிகர்கள் அவரைக் கடவுள் என்றே கூப்பிட்டார்கள். மற்ற வீரர்கள் வாரம் முழுக்க ஓடிப் பயிற்சி எடுத்தபோது இவரால் அவர்களோடு ஓட முடியவில்லை. உடலியக்க நிபுணர் ஜிம் வாக்கர் இவருக்கென்றே தனி முறை வகுத்தார். கொஞ்ச நேரம் உடற்பயிற்சி சைக்கிள், தசைக்கு வலு, மற்றபடி முழங்காலுக்கு ஓய்வு. சனிக்கிழமை வந்தால் நேரே மைதானம்.

நானும் கல்லூரியில் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடியவன். ஒரு ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஆறு மாதம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். ஒரே முழங்கால், ஒரே காயம், அதற்கே அந்தப் பாடு. இந்த மனிதர் எட்டு அறுவைச் சிகிச்சைகளோடு இயன் ரைட், மார்க் ஹியூஸ் மாதிரி முன்கள வீரர்கள் ஓடி வந்த லீக்கில் நின்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேல் சிலிர்க்கும்.

எப்படி நின்றார்? இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் அய்யா, வழக்கே இதில்தான் இருக்கிறது. எதிரணி நடுக்கள வீரர் பாஸ் கொடுக்கத் தலையைத் தூக்குகிறார். ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போட முன்னால் நிற்பவர், தோளைச் சாய்த்துக் கிளம்பப் பார்க்கிறார். கால்பலத்தை நம்பும் ஸ்டாப்பர் பந்து கிளம்பிய பிறகு ஸ்ட்ரைக்கரோடு பந்தயம் ஓடுவார். ஆட்டத்தைப் படிக்கிறவர், பாஸ் கொடுப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, பந்து கிளம்பும் முன்பே இரண்டு அடி நகர்ந்திருப்பார். அந்த இரண்டு அடி பின்னால் இருபது அடி ஓட்டத்தை மிச்சம் பிடிக்கும். முழங்கால் போனவருக்கு அந்த மிச்சம்தான் சோறு போடும். மெக்ராத் ஆடிய பழைய ஒளிப்பதிவுகளில் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். அவசரமே தெரியாது. பந்து தானாக அவர் காலடிக்கு வந்து சேர்ந்ததுபோல இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போட்டவருக்கு எதற்கு அவசரம்?

மெக்ராத் யுனைடெட்டில் இருந்தபோது ஆடிய 1985 எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்துக் கிளப்களின் கோப்பை, இறுதியாட்டத்தையும் அண்ணன் எடுத்தார். எதிரே எவர்டன், அந்த வருட லீக் சாம்பியன்கள். 78-ஆவது நிமிடத்தில் யுனைடெட்டின் கெவின் மோரனுக்குச் சிவப்பு அட்டை. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்ட வரலாற்றிலேயே வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவர். அவரும் அயர்லாந்துக்காரர், அவரும் நடுத் தடுப்பாட்டக்காரர். அவர் இடத்தை நிரப்ப முன்கள வீரர் ஃபிராங்க் ஸ்டேபிள்டன் பின்னால் வந்தார். அங்கிருந்து கூடுதல் நேரம் முடியும்வரை 42 நிமிடம், பத்துப் பேரோடு. "இதற்கு மூச்சுதானே வேண்டும்?" என்றார் அண்ணன். மூச்சு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆள் குறைந்த அணியில் ஸ்டாப்பர் பந்து போன இடமெல்லாம் துரத்திக்கொண்டு போனால், அவர் விட்டுப்போன இடத்தில் கோல் விழும். பக்கத்தில் நிற்பவரோ தடுப்பாட்டம் பழகாத ஸ்ட்ரைக்கர். அவரையும் சேர்த்து வழிநடத்தி, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று நொடிக்கு நொடி தீர்மானித்துத்தான் மெக்ராத் அன்று கோட்டையைக் காத்தார். கூடுதல் நேரத்தில் நார்மன் வைட்சைட் கோல் போட, 1-0 என்று கோப்பை யுனைடெட்டுக்கு வந்தது.

அடுத்து அக்கா கேட்ட கேள்வி. அது என்னைக் கொஞ்சம் வருத்தியது. "அத்தனை அறிவுள்ளவர் ஏன் குடிக்கு அடிமையானார்?" என்றார். அக்கா, அவர் 1959-இல் லண்டனில் பிறந்தவர். அம்மா அயர்லாந்து, அப்பா நைஜீரியா. திருமணம் ஆகாத அந்தத் தாய் நாலு வாரக் குழந்தையை வளர்ப்புக்குக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. பிள்ளை டப்ளின் பக்கத்து அநாதை இல்லங்களில் வளர்ந்தது. அந்தக் கால டப்ளினில் கறுப்பு நிறத்தோடு, தாய்மடி இல்லாமல் வளர்வது எப்படி இருந்திருக்கும்? வளர்ந்து தகடு வேலைக்குப் போனார், காவலாளியாக நின்றார். எந்தப் பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியும் அவரை வளர்க்கவில்லை. 1981-இல் டப்ளினின் இன்சிகோர் பகுதியில் உள்ள செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெடிக் கிளப்பில் சேர்ந்து, ஒரே சீசனில் 'இன்சிகோரின் கறுப்பு முத்து' என்று பெயரெடுத்து, 1982-இல் மான்செஸ்டர் போனார். குடி அவருக்கு வந்த நோய். அதை ஒளிக்காமல், தன் வாழ்க்கையை எழுதியபோது எல்லாவற்றையும் அவரே வெளியே சொன்னார். நோயை வைத்து ஒருவருடைய அறிவை எடை போடாதீர்கள் அக்கா. முழங்கால் ஒரு பக்கம் தேய, குடி இன்னொரு பக்கம் உடம்பைத் தின்ன, அப்படியும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கண் மட்டும் மங்கவில்லை.

நாட்டு அணியிலும் இதுதான் கதை. 83 ஆட்டங்கள். மேலாளர் ஜாக் சார்ல்டன் 1988 ஐரோப்பியப் போட்டியிலும் 1990 உலகக் கோப்பையிலும் இவரை நடுக்களத்தில் இறக்கினார். சார்ல்டனின் ஆட்டம் எளிமையானது. நீளமாக அடி, எதிரணித் தடுப்புக்குப் பின்னால் பந்தைப் போடு, அவர்களைத் திரும்பி ஓட வை. அந்தப் பந்தை அவர்கள் திருப்பி அடிக்கும்போது அது எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும். அதற்குத்தான் மெக்ராத். 1990-இல் அயர்லாந்து காலிறுதிவரை போனது; இத்தாலியிடம் ஒரே கோலில் தோற்றது.

அதே இத்தாலியை அடுத்த உலகக் கோப்பையில் மறுபடி சந்தித்த நாள் 1994 ஜூன் 18, நியூயார்க்கை அடுத்த ஜயன்ட்ஸ் ஸ்டேடியம். கொளுத்தும் வெயில். அயர்லாந்தின் ரே ஹௌடன் 11-ஆவது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டார். மிச்ச நேரம் முழுக்கக் காக்க வேண்டும், எதிரே இத்தாலியின் நட்சத்திர முன்கள வீரர் ராபர்டோ பாஜியோ. மெக்ராத்துக்கு 34 வயது. முழங்கால் போதாதென்று ஒரு தோளிலும் கோளாறு. கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் ஃபில் பாப், 23 வயது இளைஞர். இத்தாலி அடிக்க அடிக்க ஒவ்வொரு முறையும் வழியில் மெக்ராத் நின்றார். ஒரு ஷாட்டை முகத்திலேயே வாங்கினார். கடைசிவரை 1-0.

"முகத்தில் பந்தை வாங்கியது உடம்புதானே?" என்று அண்ணன் இப்போது மனதுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. சரி அண்ணே, வாங்கியது முகம். ஆனால் அந்த நொடியில் அந்தப் பந்தின் பாதையில் அந்த முகம் எப்படி வந்தது? ஓடி வந்திருக்க முடியாது, ஓடக் கால் இல்லை. முன்னமே அங்கே இருந்தார்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு அமர்கிறேன். 1993-இல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் சங்கம் ஆண்டின் சிறந்த வீரராக மெக்ராத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு 33 வயது. அந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்களோ ரசிகர்களோ கிடையாது, சக வீரர்கள். அந்த சீசன் முழுக்க அவரைத் தாண்டிப் போகப் பார்த்த ஸ்ட்ரைக்கர்களும் அதில் அடக்கம். அவரைவிட வேகமாக ஓடத் தங்களால் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் பெயரை எழுதினார்கள். நடுவர் அய்யா, அவர்களையும் சாட்சியாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.