என் ஷூவைப் பிய்த்த எரிமலைக் கல்லும் 6,600 வருஷ விலாங்குப் பண்ணையும்

வணக்கம் மக்களே. விடிகாலைல மெல்போர்ன்ல கிளம்பி, நாலு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டி, ஆஸ்திரேலியப் பழங்குடிங்க விலாங்கு வளர்த்த எரிமலை நிலமான புட்ஜ் பிம் சுத்திப் பார்த்துட்டு இப்பதான் காருக்குள்ள வந்து உக்காந்திருக்கேன். புளியோதரை டப்பாவை இன்னும் திறக்கல. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

போன வீடியோக்குக் கீழ ஒருத்தர், "ஆஸ்திரேலியப் பழங்குடிங்க சும்மா வேட்டையாடித் திரிஞ்சவங்கதானே"னு எழுதியிருந்தாரு. ரெண்டு நாளா மனசே ஆறல. அவர் கண்டிப்பா இதைப் பார்க்கணும்.

முதல்ல ஷூ. போன மாசம் ஆசையா வாங்கிக் காட்டினேனே, அதேதான். 140 டாலர்! அரை மணி நேரத்துல வலது கால் ஷூ வாயைப் பிளந்துடுச்சு. கிட்டக் காட்டுறேன், பாருங்க. வெறும் பசை, ஒரு தையல்கூட இல்ல. 140 டாலர் வாங்குறவங்க ஒரு தையல் போடக் கூடாதா? கேமரா வாரைக் கழட்டிக் கட்டிக்கிட்டுதான் நடந்தேன்.

அங்க கால் வைக்கிற இடமெல்லாம் எரிமலைக் குழம்பு இறுகின கருங்கல். கூட்டிட்டுப் போன அண்ணன் குண்டிஜ்மாரா, அதாவது இந்த மண்ணோட பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் ஷூவைப் பார்த்துட்டு, "இதுல குதிரையே ஓட முடியாது"ன்னாரு. 1840கள்ல ஆட்டு மந்தையோட நிலம் பிடிக்க வந்த வெள்ளைக்காரங்களை அவரோட முன்னோர் எதிர்த்துச் சண்டை போட்டப்ப, குதிரைப்படை நுழைய முடியாத இந்தக் கல்லுக்காடுதான் அரணா இருந்திருக்கு. சிலிர்த்துப் போச்சு எனக்கு.

அதே கல்லை அடுக்கித்தான் வாய்க்கால், தடுப்பு, குளம் எல்லாம் கட்டியிருக்காங்க. வெள்ளம் ஏறுறப்ப விலாங்கு தண்ணியோட உள்ள வரும். வாய்க்கால் இடுக்குல நீளமான கூடை வைப்பாங்க, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். பெருசு சிக்கும், சின்னது நழுவிப் போயிடும். பிடிச்சதைக் குளத்துல விட்டு வெச்சு, வேணுங்கிறப்ப எடுத்துப் புகை போடுவாங்க. இதுல ஒரு பகுதிக்கு வயசு 6,600 வருஷம்! வேட்டையாடித் திரிஞ்சவங்களாம்!

பக்கத்துலயே டே ராக், அதாவது கோண்டா ஏரி. மேய்ச்சல் நிலம் வேணும்னு குடியேறினவங்க காலத்துல வடிகால் வெட்டி வெட்டி அந்த ஏரியையே வத்த வெச்சுட்டாங்க. தண்ணி இல்லேன்னா விலாங்கு எங்க வரும்? அந்த மக்களோட சாப்பாடு, வேலை, கூடிப் பேசுற இடம் எல்லாம் அதுலதான் இருந்துது. எனக்குத் தாங்கவே முடியாத இடம் இதுதான்.

2007ல அவங்க பூர்வீக நில உரிமையைக் கோர்ட் ஒத்துக்கிச்சு. 2010ல தடுப்பணை கட்டி ஏரிக்குத் தண்ணியைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. விலாங்கும் வந்துது! 2019ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. பழங்குடிப் பண்பாட்டுக்காக மட்டுமே அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஆஸ்திரேலிய இடம் இது.

புகை போட்ட விலாங்கும் சாப்பிட்டேன். கொழுப்பு அப்படியே நாக்குல உருகுது. பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டும்னு இனிமே விலாங்கைப் பழிச்சு நான் பேச மாட்டேன்.

ஐயோ, தீயைச் சொல்லாம விட்டுட்டேனே! யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுக்கு அடுத்து வந்த கோடையில இங்க காட்டுத்தீ வந்துது. புல்லெல்லாம் எரிஞ்சு அடங்கினதும், அதுவரைக்கும் மறைஞ்சு கிடந்த இன்னொரு வாய்க்கால் தெரிஞ்சிருக்கு, கிட்டத்தட்ட 25 மீட்டர் நீளம். கல்லு ஒண்ணு மேல ஒண்ணு, வெச்சது வெச்சபடி.