25,000 ரூபாய் லேப்டாப்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

அடுத்த கேள்வி கோத்தகிரியில இருந்து வந்திருக்குங்க. "25,000 ரூபாய்க்குள்ள பாத்தா நிறைய லேப்டாப்புல 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ்தான் இருக்கு. ஏன் அப்படி? நீங்களே டிசைன் பண்ணுனா எதைக் குறைப்பீங்க? நம்ம குளிருக்கும் மூடுபனிக்கும் அது தாங்குமா?"ன்னு கேட்டிருக்காங்க.

முதல்ல அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். விண்டோஸ் 11 ஓடறதுக்கு மைக்ரோசாஃப்ட் போட்டிருக்கிற குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ்தான். கம்பெனிக்காரங்க அந்தக் கோட்டு மேலயே கொண்டுவந்து நிறுத்தறாங்க. ஓடுமான்னா ஓடும். அவ்வளவுதான்.

அந்த 64 ஜிபி பெரும்பாலும் எஸ்எஸ்டிங்கற வேகமான ஸ்டோரேஜ் கிடையாதுங்க, இஎம்எம்சிங்கற மலிவு ரகம். ஃபோனுக்குள்ள இருக்கற மாதிரி ஒரு சிப்பை போர்டு மேலயே சோல்டர் பண்ணிருவாங்க. அதோட உச்ச வேகமே செகண்டுக்கு 400 எம்பி. சாட்டாங்கற பழைய வகை இணைப்புல ஓடற சாதாரண எஸ்எஸ்டியே 550 தொடும். வேகத்தை விடுங்க, இஎம்எம்சியால ஒரே நேரத்துல படிக்கவும் எழுதவும் முடியாது. இப்ப 4 ஜிபி ரேம்ல பிரௌசர்ல பத்து டேப் திறக்கறீங்க. ரேம் பத்தாது, விண்டோஸ் மிச்சத்தைக் கொண்டுபோய் ஸ்டோரேஜ்ல எழுதும். எதுல? அதே இஎம்எம்சியில. மெஷின் நின்னு நின்னு போகும், சிப்பும் தேஞ்சுக்கிட்டே வரும். அது செத்துச்சுன்னா கழட்டி மாத்த முடியாது, போர்டே போச்சு. தனித்தனியாப் பாத்தா ரெண்டும் சின்னச் சிக்கனம், சேந்தாத்தான் வினை.

அதனால என் கணக்கு என்னன்னா, பின்னாடி மாத்திக்க முடியற இடத்துல குறைக்கலாம், மாத்த முடியாத இடத்துல கைவைக்கக் கூடாது. ரேமுக்கு ஒரே ஒரு ஸ்லாட் போதும், அதுல 8 ஜிபி. இந்த விலைக்கு வர்ற இன்டெல் என்100 ப்ராசஸருக்கு மெமரி சேனலே, அதாவது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல டேட்டா போற பாதையே, ஒண்ணுதான், அதனால ரெண்டாவது ஸ்லாட் இல்லாததால வேகம் குறையாது. ஸ்டோரேஜுக்கு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் சொருகிக் கழட்டற இடம்) வச்சு 128 ஜிபி எஸ்எஸ்டியே போட்டாலும் சரி, அப்புறம் 512 வாங்கி நீங்களே சொருகிக்கலாம். ஸ்லாட் வச்சா சில மில்லிமீட்டர் தடிமன் கூடும். கூடட்டும். விளம்பரத்துல ஒல்லியாக் காட்டறதுக்குத்தான் பாதி தப்பு நடக்குது. மெட்டல் மூடி, கைரேகை சென்சார், கீபோர்டு லைட்டு எல்லாத்தையும் எடுத்துரலாம். கேமரா 720பி போதும்.

ஃபேனையும் எடுத்துரலாம். இது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, கடல்மட்டத்தைவிடக் காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட 20 சதவீதம் கம்மி. காத்து லேசா இருந்தா சூட்டை இழுக்கறதும் கம்மிதான். ஆனா ரூம் வெப்பம் 15, 18 டிகிரிதானே, அந்த நஷ்டத்தை அது ஈடுகட்டிரும். என்100 மாதிரி 6 வாட் ப்ராசஸருக்கு ஒரு அலுமினியத் தகடு போதும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துல மே மாசம் அதே மெஷின் சூடேறி வேகத்தைக் குறைச்சுக்கும். நமக்கு இன்னொரு லாபம், ஃபேன் இல்லேன்னா மூடுபனி ஈரத்தை உள்ள இழுத்துப்போடவும் ஆள் இல்லை.

கைவைக்கவே கூடாதது ஹிஞ்ச், அதாவது மூடியைத் திறந்து மூடற கீல். விலை கம்மி லேப்டாப் சர்வீஸுக்கு வர்றதுல இந்தக் கேஸ்தான் அடிக்கடி. ஹிஞ்ச் இரும்பு, அது உக்காந்திருக்கற இடம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குமிழுக்குள்ள சூடு பண்ணி அழுத்தி வச்ச சின்னப் பித்தளை நட்டு, அதுல ஸ்க்ரூ. காலையில 5 டிகிரிக் குளிர்ல ஹிஞ்ச் கிரீஸ் கெட்டியாயிருது, மூடியைத் திறக்கக் கூடுதல் விசை வேணும். ஒரு மூலையைப் பிடிச்சு வெடுக்குன்னு தூக்குனா அந்த விசை முழுக்க ஒரு பக்கத்து நட்டு மேல இறங்கும், பிளாஸ்டிக்கோட பிய்ச்சுக்கிட்டு வரும். டிசைன்ல தீர்வு சுலபம்: நட்டுகளுக்கு அடியில ஒரு உலோகப் பட்டை ஓட்டி விசையைப் பரப்பணும். உங்க கையில ஏற்கனவே இருக்கற மெஷின்னா, மூடியை நடுவுல பிடிச்சுத் திறங்க. 'டக்'னு சத்தம் வந்தாலோ, ஓரம் வாய் பிளந்தாலோ அன்னிக்கே ஸ்க்ரூவை முறுக்கிருங்க. நட்டு பிடுங்கிட்டா ரெண்டு டியூப் எப்பாக்ஸி வச்சு ஒட்டலாம். ஸ்க்ரூவுல லேசா கிரீஸ் தடவிட்டு ஒட்டுங்க, இல்லேன்னா அதுவும் சேர்ந்து ஒட்டிக்கும். நம்ம குளிர்ல எப்பாக்ஸி இறுக ரொம்ப நேரம் எடுக்கும், ரெண்டு நாளாவது தொடாம வைங்க.

சார்ஜிங் சாக்கெட்டும் இதே கதைதான். ஒயர் வச்ச தனி சாக்கெட்னா லூஸானா மாத்திரலாம், போர்டுலயே சோல்டர் பண்ணியிருந்தா போர்டு வேலை.

டிசம்பர், ஜனவரி உறைபனி நேரத்துல சார்ஜ் மெதுவா ஏறுதேன்னு பயப்படாதீங்க. 10 டிகிரிக்குக் கீழ போனா நிறைய பேட்டரி சர்க்யூட் கரண்ட்டைத் தானே குறைச்சுக்கும், 0-க்குக் கீழ சார்ஜே ஏத்தாது. ஏத்துனா செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரி கெட்டுரும். இன்னொண்ணு, வெளிக் குளிர்ல இருந்து ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ள கொண்டுவந்த உடனே ஆன் பண்ணாதீங்க. சில்லுன்னு இருக்கற போர்டு மேல வேர்த்துக் கொட்டும். பையை மூடினபடியே ஒரு மணி நேரம் விட்டுருங்க.

கடையில வாங்கும்போது ஒரு சோதனை. டெமோ மெஷின்ல டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியை அழுத்துங்க. 'ஃபார்ம் ஃபேக்டர்'ங்கற இடத்துல 'எஸ்ஓடிஐஎம்எம்'னு இருந்தா ரேம் கழட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு இருந்தா அது சோல்டர் பண்ணது. அப்படி இருந்தா தனியா ரேம் ஸ்லாட் இருக்கா, எம்.2 ஸ்லாட் இருக்கான்னு கேட்டுட்டு, அப்புறம் பில் போடச் சொல்லுங்க.