உடல் பேசும், ஸ்கேனும் பேசும்

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு டாக்டர் வருவார். பிணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "நேற்று ராத்திரி பதினொன்றரை மணி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நிஜத்தில் தடயவியல் மருத்துவர் யாருக்கும் அந்தத் தைரியம் வராது. அவர் முதலில் தேடுவது மணியை அல்ல, ரத்தம் எங்கே போய்த் தேங்கியிருக்கிறது என்பதை.

இதயம் நின்றதும் ரத்தம் ஓடாது. நிற்கிற ரத்தம் கீழே இறங்கும், அவ்வளவுதான். மல்லாந்து கிடந்தால் முதுகில், குப்புறக் கிடந்தால் மார்பில், தூக்கில் தொங்கினால் கைகளிலும் கால்களின் கீழ்ப்பகுதியிலும் ஊதா கலந்த சிவப்புக் கறை படியும். பொதுவாக அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். முதல் சில மணி நேரத்தில் கட்டை விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் மறுபடி நிறம் திரும்பும். ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கறை நிலைத்துவிடும், அழுத்தினாலும் வெளுக்காது. இந்தக் கணக்கு வெப்பநிலைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப முன்பின்னாக மாறும். ஆகவே கறையை மட்டும் வைத்து நேரம் சொல்வது ஆபத்து.

நேரத்தைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. தரையில் அழுந்தியிருக்கும் தோள்பட்டையிலும் புட்டத்திலும் ரத்தம் புக முடியாது. அங்கே வெளிறிய திட்டுகள் இருக்கும். பெல்ட்டின் தடமும் போர்வை மடிப்பின் தடமும்கூடப் பதிந்திருக்கும். இப்போது குப்புறக் கிடக்கும் ஒரு உடலைத் திருப்புகிறோம். முதுகில் கறை, நடுவே வெளிறிய திட்டுகள். மார்பில் ஒன்றுமே இல்லை. சரி, இறந்து பல மணி நேரம் கழித்து யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள். கறை நிலைப்பதற்கு முன்பே புரட்டியிருந்தால் இரண்டு பக்கமும் நிறம் தெரியலாம். அடிபட்ட காயம் என்று இந்தக் கறையை நினைத்துவிடுபவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் தோலைக் கீறிப் பார்ப்பார்கள். அடிபட்ட இடத்தில் ரத்தம் திசுவுக்குள்ளேயே ஊறியிருக்கும், கழுவினால் போகாது.

இனி ஸ்கேனுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர், மைக்கேல் தாலி ஆகியோர் 1990களின் கடைசியில் உடலை அறுக்காமல் சிடி, எம்ஆர்ஐ மூலம் ஆராயத் தொடங்கினார்கள். 'விர்டாப்சி', அதாவது கத்தி படாத பிணப் பரிசோதனை, என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். உடலைப் பையோடு சிடி கருவியில் வைத்தாலே போதும். எலும்பு முறிவு, தோட்டா, உடைந்த கத்தி முனை எல்லாம் தெரிந்துவிடும். உடலுக்குள் இருக்கும் காற்றுக் குமிழைக் காட்டுவதில், உடலை அறுத்துப் பார்ப்பதையே சிடி மிஞ்சும். கத்தி பட்டதும் காற்று வெளியே ஓடிவிடுமே! ஆனால் அழுகலிலும் வாயு உண்டாகும், அதைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

உயிருள்ளவர்களின் படங்களையே பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் இங்கேதான் தடுமாறுவார். வெளியே தோலில் நடந்த அதே இறக்கம் உள்ளேயும் நடந்திருக்கும். நுரையீரலின் பின்புறம் வெண்மையாகத் தெரியும், நிமோனியாவோ என்று தோன்றும். இதய அறைகளில் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, குறுக்கே ஒரு நேர்கோடு விழுந்திருக்கும். மண்டையின் பின்பக்க ரத்தநாளங்கள் அடர்த்தியாகத் தெரிந்து, மூளையில் கசிவு என்று பயமுறுத்தும். குப்புறக் கிடந்தவரை மல்லாத்திப் படமெடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். தோலில் நிலைத்த கறை முன்பக்கமே இருக்கும்; உள்ளே நகரக்கூடிய ரத்தமோ பின்பக்கம் இறங்கியிருக்கலாம். ஸ்கேன் படத்தைப் படிப்பவரிடம் உடல் கிடந்த நிலையைச் சொல்லாமல் படத்தை மட்டும் கொடுப்பது, என் கருத்தில், பாதி வழக்கை மறைத்துக் கொடுப்பது மாதிரி.

ஸ்கேன் போதும், கத்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2012இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டனில் இறந்த 182 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. சிடி சொன்ன மரணக் காரணம், முழு அறுவைப் பரிசோதனையோடு 32 சதவீதத்தில் பெரிய அளவில் முரண்பட்டது. இதயத் தமனி நோய், நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி, நிமோனியா போன்றவைதான் முக்கியமாகத் தவறின. இப்போது ரத்தநாளங்களில் சாயம் செலுத்திப் படமெடுப்பதால் இதயத் தமனி அடைப்பைக் கண்டுபிடிப்பது மேம்பட்டிருக்கிறது.

இன்னொரு குறையைச் சாயத்தாலும் சரிசெய்ய முடியாது. ஸ்கேன் படம் சாம்பல் நிறத்தில்தான் வரும். கார்பன் மோனாக்சைடு புகையில் இறந்தவரின் கறை செர்ரிப் பழச் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு சிடி படத்தில் கிடையாது. குளிர்பதன அறையில் வைத்த உடலிலும் கறை இளஞ்சிவப்பாகும், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. கருமையான தோலில் கறையே சரியாகத் தெரியாது. நகங்களையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். எனவே உடலைப் பையில் மூடும் முன்பே நல்ல வெளிச்சத்தில் நிறத்தைப் படமெடுத்து, எந்த நேரத்தில் பார்த்தோம் என்று குறித்துவிட வேண்டும். புகை என்று சந்தேகம் எழுந்தால், படம் எப்படி வந்தாலும் சரி, ரத்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.